ஓபன் ரான்: உப்பு குறைந்தால் யாரைக் கேட்பது?

2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் ஒரு அறிவிப்பு விட்டது. தன் வயர்லெஸ் நெட்வொர்க்கை ஓபன் ரானுக்கு (டவர் கருவிகளையும் அவற்றின் மென்பொருளையும் வேறு வேறு கம்பெனிகளிடம் வாங்கிக் கோர்க்க வழிவிடுகிற முறை) மாற்றப் போகிறதாம், ஐந்து வருடத்தில் சுமார் 1,400 கோடி டாலர் செலவாம், 2026 கடைசிக்குள் 70 சதவீத டிராஃபிக் ஓபன் ரானுக்கு ஏற்ற கருவிகள் வழியாகத்தான் போகுமாம். நல்ல விஷயம்தானே என்று படித்துக்கொண்டே போனால் அந்த ஒப்பந்தம் யாருடன் என்று வந்தது. நெட்வொர்க் கருவி விற்கிற பெரிய கம்பெனிகளில் ஒன்றான எரிக்சன். சில ரேடியோக்கள் ஃபுஜிட்சுவிடம் வாங்குவார்கள், மற்றபடி கிட்டத்தட்ட எல்லாமே எரிக்சன். அதுவரை கூடவே கருவி கொடுத்துவந்த நோக்கியாவுக்கு டாட்டா. ஒரே கம்பெனியிடம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இந்த இயக்கமே ஆரம்பித்தது, அதை ஆரம்பித்தவர்களில் ஏடி அண்ட் டியும் ஒன்று.

எங்கள் பழைய டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் இதைப் போட்டதும் சிரிப்பு ஸ்மைலியாக வந்து விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏடி அண்ட் டி ஆட்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. இந்த விஷயத்தில் எது நிஜமாகக் கஷ்டம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் அப்படிச் செய்தார்கள் என்பது என் எண்ணம். அந்தக் கஷ்டத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் டவரிலிருந்து ஆரம்பிக்கலாம். மேலே ஆன்டெனா, அதன் பக்கத்தில் ரேடியோ யூனிட், கீழே ஷெல்டரிலோ கேபினெட்டிலோ பேஸ்பேண்ட், அதாவது சிக்னலுக்கான கணக்கையெல்லாம் போடுகிற பெட்டி. ரேடியோவுக்கும் பேஸ்பேண்டுக்கும் நடுவில் ஒரு ஃபைபர், அதில் ஓடுவதற்குப் பெயர் சிபிஆர்ஐ. 2003-ல் எரிக்சன், ஹுவாவே, என்இசி, நார்டெல், சீமென்ஸ் எல்லாம் சேர்ந்து போட்ட ஸ்பெசிஃபிகேஷன் அது. பேருக்குப் பொதுவானது, ஆனால் உள்ளே ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ள நிறைய இடம் விட்டிருந்தார்கள், அதனால் எரிக்சன் பேஸ்பேண்டில் நோக்கியா ரேடியோவைச் சொருகினால் ஒன்றும் நடக்காது. ஃபீல்டில் இருக்கிற யாருக்கும் அப்படிச் சொருகிப் பார்க்கலாம் என்று தோன்றக்கூடச் செய்யாது. ஒரு சர்க்கிளில் ஒரு வெண்டாரை (கருவி விற்கிற கம்பெனியை) எடுத்துவிட்டால் ரேடியோ, பேஸ்பேண்ட், இரண்டையும் மேய்க்கிற மென்பொருள், அதற்கு லைசென்ஸ், அடுத்த தலைமுறைக்கு அப்கிரேட் என்று எல்லாம் அவரிடம்தான் வாங்க வேண்டும், பேரம் பேசுவதெல்லாம் முதல் ஆர்டரோடு முடிந்துவிடும்.

2018 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்து ஆபரேட்டர்கள் ஓ-ரான் அலையன்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பேஸ்பேண்டை இரண்டாக உடைப்பது, ரேடியோவுக்கும் அதற்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு இடைமுகம் வைப்பது, உடைத்த பகுதிகளைச் சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓட்டுவது, மேலே ரிக் என்று ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளை வைத்து அதில் யார் வேண்டுமானாலும் ஆப் எழுதிப் போடலாம் என்று விடுவது. திட்டம் இவ்வளவுதான். பிறகு இதில் அரசியலும் சேர்ந்துகொண்டது. 2020 ஜூலையில் பிரிட்டன், ஹுவாவே கருவிகளை 2027 கடைசிக்குள் 5ஜியிலிருந்து முழுக்க எடுத்துவிட வேண்டும் என்றது, ஹுவாவே போனால் அங்கே மிச்சம் இரண்டே பெரிய கம்பெனிகள். உடனே அரசாங்கங்கள்கூட ஓபன் ரான் பற்றிப் பேச ஆரம்பித்தன.

இதில் எங்கே சிக்கல் வரும் என்பதை நான் எப்போதும் கல்யாணச் சமையலை வைத்துத்தான் சொல்வேன். சமையல் காண்ட்ராக்ட்காரரிடம் மொத்தமாக விட்டால் இலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு நாம் முகூர்த்தத்தைப் பார்க்கலாம், சாம்பாரில் உப்பு இல்லையென்றால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று மளிகை ஒரு இடம், காய்கறி ஒரு இடம், பாத்திரம் வாடகைக்கு ஒரு இடம், மாஸ்டர் தனி, பரிமாற ஆட்கள் தனி என்று பிரித்து விட்டால் நிஜமாகவே மிச்சம் வரும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் நம் வீட்டு ஆள் ஒருத்தர் நிற்க வேண்டும், அவருக்குச் சமையல் தெரிந்திருக்கவும் வேண்டும்.

நெட்வொர்க்கில் அந்த வீட்டு ஆள் யார்? இதுதான் மொத்தக் கேள்வியும். இருபது வருடமாக ஆபரேட்டர்கள் செய்துவந்தது என்ன தெரியுமா, தங்களிடம் இருந்த இன்ஜினியர்களை மேனேஜ்ட் சர்வீஸ் என்ற பெயரில் வெண்டாருக்கே மாற்றிக் கொடுத்தது. நம்ம ஊரில் 2004-ல் ஏர்டெல் இதைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது, நெட்வொர்க்கை எரிக்சனிடமும் ஐடியை ஐபிஎம்மிடமும் கொடுத்தது, உலகமே அதைப் பார்த்துப் பாடம் படித்தது. வியாபாரமாகப் பார்த்தால் அன்று அது புத்திசாலித்தனம்தான், தப்பே சொல்ல முடியாது. ஆனால் அப்படிக் கொடுத்துவிட்ட பிறகு நான்கு கம்பெனிப் பெட்டிகளை ஒன்றாகக் கோர்க்க வேண்டும் என்றால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஆளையே வைத்துப் பதில் சொல்லிப் பார்த்தது ஜப்பானின் ரகுட்டன். ஆன்லைன் கடை நடத்துகிற கம்பெனி, பழைய நெட்வொர்க் என்று எதுவும் கிடையாது, அதனால் இழக்கவும் எதுவுமில்லை. ஜியோவில் இருந்து தாரிக் அமீனைக் கூட்டிக்கொண்டு வந்து தொழில்நுட்பத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அல்டியோஸ்டார் மென்பொருள், நோக்கியா ரேடியோ (அந்த நோக்கியாவைத் தன் ரேடியோவை இன்னொருத்தர் மென்பொருளுக்குத் திறந்துவிடச் சம்மதிக்க வைத்ததே பெரிய கதை), சிஸ்கோ, குவான்டா சர்வர் என்று பல கை சேர்த்துச் சமைத்தார்கள். முதலில் 2019 அக்டோபரில் ஆரம்பிப்பதாக இருந்து தள்ளிப்போய் 2020 ஏப்ரல் 8-ல் சேவை வந்தது. மாதம் 2,980 யென், முதல் 30 லட்சம் பேருக்கு ஒரு வருடம் இலவசம்.

நெட்வொர்க் வேலை செய்ததா என்றால், செய்தது. முடியவே முடியாது என்று சொன்னவர்கள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கம்பெனி கணக்கு? 2022-ல் ரகுட்டன் குழுமத்தின் நஷ்டம் 37,000 கோடி யென்னுக்கு மேல், அதற்குப் பெரிய காரணம் மொபைல். இதைக் காட்டித்தான் ஓபன் ரான் தோற்றுவிட்டது என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. ரகுட்டனிடம் இருந்தது 1.7 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கட்டடத்துக்குள், நிலத்தடிக் கடைகளுக்குள் அது சரியாக நுழையாது, அதற்குத் தாழ்வான அலைவரிசை வேண்டும், அது மற்ற மூன்று பேரிடமும் இருந்தது, இவர்களிடம் இல்லை. அது வரும் வரை போட்டியாளரான கேடிடிஐயின் நெட்வொர்க்கில் ரோமிங் எடுத்து அதற்குக் காசு கொட்டினார்கள், ரோமிங் செலவைக் குறைக்க அவசர அவசரமாக சைட் கட்டினார்கள், சைட் என்றால் இடம், வாடகை, கரண்ட், ஃபைபர். 700 மெகாஹெர்ட்ஸ் கையில் கிடைத்ததே 2023 அக்டோபரில்தான், அதில் சேவை தொடங்கியது 2024 ஜூனில். 2024 அக்டோபரில் வாடிக்கையாளர் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியது. மென்பொருளைத் திறந்து மிச்சம் பிடிக்கிற பணம் பட்ஜெட்டில் ஒரு துண்டுதான், டவரும் ஸ்பெக்ட்ரமும் கரண்ட் பில்லும் அதனால் ஒரு பைசா குறையாது. தொழில்நுட்பம் பேசுகிற நாம் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

ரகுட்டன் செய்த இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2021-ல் அல்டியோஸ்டாரையே வாங்கிவிட்டார்கள், அடுத்த வருடம் கிளவுட் மென்பொருள் செய்கிற ராபின் டாட் ஐஓவையும் வாங்கினார்கள். அதாவது பல கம்பெனி நெட்வொர்க் என்று ஆரம்பித்தவர்கள் அதில் முக்கியமான பாகங்களைத் தங்களுக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள். ஏன்? நாலு மணிக்கு அடுப்படியில் நிற்கிற ஆள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும், அதனால்தான்.

ஜெர்மனியில் ஒன் அண்ட் ஒன் கம்பெனி இதையே ரகுட்டனிடம் கொடுத்துக் கட்டச் சொன்னது. 2022 கடைசிக்குள் 1,000 சைட் என்று இலக்கு, வருடக் கடைசியில் கையில் இருந்தது ஐந்து. ஐம்பதுகூட இல்லை, ஐந்து. டவர் கம்பெனி இழுத்தடிக்கிறது என்று போட்டி ஆணையத்திடம் போய்ப் புகார் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் ஒருவழியாக மொபைல் சேவை ஆரம்பித்து, 2024 மே மாதத்தில் பெரிய அளவில் நெட்வொர்க் படுத்தது. அமெரிக்காவில் டிஷ் இன்னும் துணிச்சலாக 5ஜியை அமேசான் கிளவுடிலேயே ஓட்டியது, 2023 ஜூனுக்குள் மக்கள்தொகையில் 70 சதவீதம் பேரை எட்ட வேண்டும் என்ற அரசு நிபந்தனையையும் எட்டியது, ஆனால் காசு கொடுத்துச் சேருகிற ஆள் போதவில்லை. 2025 ஆகஸ்டில் தாய்க் கம்பெனியான எக்கோஸ்டார் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பகுதியை 2,300 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டிக்கும், அடுத்த மாதமே இன்னொரு பகுதியை 1,700 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்புக்கொண்டது. டெக்னிகலாக அந்த நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது ஏடி அண்ட் டிக்குத் திரும்பினால் அவர்கள் கணக்கு புரியும். எரிக்சனிடமே கொடு, ஆனால் இடைமுகத்தை ஓ-ரான் முறைப்படி வைக்கச் சொல். இன்று உப்பு குறைந்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், நாளைக்கு அந்த ஆள் விலையை ஏற்றினால் ரேடியோவை மட்டும் வேறு இடத்தில் வாங்குவேன் என்று சொல்ல வழியும் இருக்கிறது. வாங்குவார்களா? தெரியாது, ஆனால் வாங்க முடியும் என்பதே பேரத்தில் ஒரு எடைக்கல். ஓபன் ரானால் பெரிய ஆபரேட்டர்களுக்கு இதுவரை கிடைத்த உருப்படியான லாபம் இதுதான் என்று நினைக்கிறேன், இதைக் குறைவாகவும் நினைக்கவில்லை. புதிதாக வந்த சின்னக் கம்பெனிகளுக்குத்தான் வயிற்றெரிச்சல், அவர்களுக்காக ஆரம்பித்த கல்யாணத்தில் பழைய பெரியவர்களே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நிஜமாகவே பல கம்பெனிகளைக் கோர்த்து ஓட்டுகிற பெரிய ஆபரேட்டர் வேண்டுமென்றால் பிரிட்டன் வோடஃபோனைப் பார்க்கலாம். 2022 ஜனவரியில் பாத் நகரில் முதல் சைட்டைப் போட்டார்கள், திட்டம் 2,500 சைட். சாம்சங் மென்பொருள், டெல் சர்வர், விண்ட் ரிவர் கிளவுட் மேடை, உள்ளே இன்டெல் சிப். இதைச் செய்ய நியூபரியில் சொந்தமாக லேப் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மென்பொருள் வெளியீட்டையும் தாங்களே சோதித்தார்கள்.

அந்தப் பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள், இன்டெல். சர்வரில் ஓடுகிற ரேடியோ மென்பொருளில் பெரும்பகுதி இன்டெல் சிப்பை நம்பித்தான் எழுதப்பட்டது. பெட்டிக்காரரிடமிருந்து தப்பி சிப்காரரிடம் வந்து நிற்கிறோம். கிளவுட் மேடையிலும் இதே கதை. 2023 நவம்பரில் சிப் கம்பெனியான பிராட்காம், கிளவுட் மென்பொருள் செய்கிற விஎம்வேரை வாங்கியது, லைசென்ஸ் முறையை மாற்றியது, பழைய ஒப்பந்தப்படி சப்போர்ட் தர மாட்டேன் என்கிறது என்று 2024-ல் ஏடி அண்ட் டியே கோர்ட்டுக்குப் போனது, பிறகு சமரசம் ஆனது. வன்பொருளில் விழுந்திருந்த பூட்டு இப்போது மென்பொருளில் இன்னொரு மாடியில் விழுந்திருக்கிறது. பவர் விஷயமும் உண்டு. பேஸ்பேண்ட் வேலைக்கென்றே செய்த சிப்போடு ஒப்பிட்டால் பொதுவான சிப்பு அதே வேலைக்கு அதிகக் கரண்ட் கேட்கும், அதனால் கனமான கணக்குகளை மட்டும் தனியாகச் செய்கிற ஆக்சிலரேட்டர் கார்டு போட்டார்கள், ஆக்சிலரேட்டர் போட்டால் அது சாதாரண சர்வரா என்று சண்டை. 64 ஆன்டெனா வைத்த மாசிவ் மைமோ ரேடியோக்களில் அப்லிங்க், அதாவது போனிலிருந்து டவருக்கு வருகிற சிக்னல், தடுமாறியதும் இன்னொரு தலைவலி, 2023-ல் ரேடியோவுக்கும் பேஸ்பேண்டுக்கும் வேலையைப் பிரிக்கும் விதத்தையே அப்லிங்குக்காகத் திருத்தினார்கள். இந்தச் சண்டையெல்லாம் இன்னும் முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பிஎஸ்என்எல் 4ஜி கதையைப் பலர் தாமதம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். தாமதம்தான், அதை மறைக்க முடியாது. 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு சீனக் கருவி கூடாது என்று டெண்டரை ரத்து செய்தார்கள், உள்நாட்டுத் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்றார்கள். 2023-ல் டிசிஎஸ் தலைமையிலான கூட்டணிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆர்டர், ஒரு லட்சம் சைட். ரேடியோ பெங்களூரு தேஜஸ் நெட்வொர்க்ஸ், கோர் எனப்படும் நெட்வொர்க்கின் மையப் பகுதி அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட், கோர்க்கிற வேலை டிசிஎஸ். 2025 செப்டம்பர் 27-ல் பிரதமர் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கி வைத்தபோது ஜியோவும் ஏர்டெலும் 5ஜி ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நடுவில், 2024 ஜூலையில் மற்ற மூன்று கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றியபோது ஜனங்கள் பிஎஸ்என்எல்லுக்கு ஓடினார்கள், சில மாதம் எண்ணிக்கை ஏறியது, அப்புறம் இறங்கியது. கதவைத் தட்டி வந்த வாடிக்கையாளரை உட்கார வைக்க அன்று நெட்வொர்க் தயாராக இல்லை, அந்த வாய்ப்பு திரும்ப வருமா என்பது சந்தேகம்.

இது முறைப்படியான ஓபன் ரான் இல்லை. ஆனாலும் மூன்று இடத்தில் செய்ததைக் கோர்த்து நாடு முழுக்க ஓட்டுவது என்பதில் மேலே சொன்ன எல்லாத் தலைவலியும் இதிலும் இருந்தது, அதைத் தீர்க்கத் தெரிந்த ஆட்கள் இப்போது நம்மிடம் உருவாகியிருக்கிறார்கள். தாமதத்துக்கு ஈடாக எனக்குத் தெரிகிற ஒரே ஆறுதல் இது. ஐஐடி மெட்ராஸும் அங்கேயே ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கிற வயர்லெஸ் ஆராய்ச்சி மையமான சீவிட்டும் இன்னும் ஆறு நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது, செலவு சுமார் 220 கோடி. தரமணிப் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று அங்கே இருப்பது தெரியாது.

நெட்வொர்க்கைத் திறப்பது ஒரு பக்கம், அதன் மேல் சேவையைத் திறப்பது இன்னொரு பக்கம். இதில் ஆபரேட்டர்களின் பழைய சரித்திரம் ரொம்பப் பரிதாபம். 2010-ல் இரண்டு டஜன் ஆபரேட்டர்கள் ஆப் ஸ்டோர்களுக்குப் போட்டியாக டபிள்யூஏசி என்று ஒரு கூட்டணி போட்டார்கள், 2012-ல் அதை அப்பிஜீ கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கலைந்தார்கள். 2023 பிப்ரவரியில் உலக ஆபரேட்டர்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ மறுபடி ஓபன் கேட்வே என்று ஆரம்பித்தபோது 'இன்னொன்றா' என்றுதான் தோன்றியது. ஆனால் இந்தத் தடவை ஆசையைக் குறைத்திருக்கிறார்கள். ஆப் விற்கிறேன் என்று கிளம்பாமல் தங்களுக்கு மட்டுமே தெரிந்த சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்டால் பதில் சொல்கிற ஏபிஐயாகக் கொடுக்கிறார்கள், அதற்கான வரையறையும் கமாரா என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

உதாரணமாக சிம் ஸ்வாப். உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பிடித்துக் கணக்கைக் காலி செய்கிற மோசடி நம் ஊரில் எவ்வளவு நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பணம் போவதற்கு முன்னால் வங்கி ஆபரேட்டரைக் கேட்கலாம்: இந்த நம்பரின் சிம் கடந்த சில நாளில் மாறியதா? ஆம், இல்லை, அவ்வளவுதான் பதில். மாறியிருந்தால் வங்கி பரிவர்த்தனையை நிறுத்தி வைக்கும். இதே மாதிரி, போனில் இருக்கிற சிம்மின் நம்பரை ஓடிபி இல்லாமலே நெட்வொர்க்கைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு ஆபரேட்டரிடமும் தனித்தனியாகப் போய் ஒப்பந்தம் போட எந்த டெவலப்பரும் தயாரில்லை என்பதால் 2024-ல் எரிக்சனும் ஏர்டெல், ஜியோ உட்பட பன்னிரண்டு ஆபரேட்டர்களும் சேர்ந்து இவற்றை மொத்தமாக விற்க ஒரு கம்பெனி அறிவித்தார்கள். நடுவில் மறுபடியும் எரிக்சன்தான், கவனித்தீர்களா.

இந்த மாதிரிப் பதிவு எழுதினால் உடனே ஜூனியர்கள் கேட்பது, எந்த கோர்ஸ் படிக்கலாம் அண்ணா என்று. சர்டிஃபிகேட்டுக்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மொபைல் நெட்வொர்க்குக்கான தரநிலைகளை வகுக்கிற 3ஜிபிபியின் ஆவணங்கள் எல்லாம் இலவசம். ஓபன்5ஜிஎஸ் என்று கோர் நெட்வொர்க் மென்பொருள் இலவசம், எஸ்ஆர்எஸ்ரான், ஓபன்ஏர்இன்டர்ஃபேஸ் என்று பேஸ் ஸ்டேஷன் மென்பொருள் இலவசம். ரேடியோ கார்டு வாங்கக் காசில்லையென்றால் எஸ்ஆர்எஸ்ரானை ஜீரோஎம்க்யூ வழியாக ரேடியோ இல்லாமலே ஓட்டலாம், லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பேஸ் ஸ்டேஷனும் ஒரு போனும் பேசிக்கொள்ளும். கார்டு வாங்கினாலும் லைசென்ஸ் இல்லாமல் காற்றில் சிக்னல் விடாதீர்கள், நடுவில் சிக்னலைக் குறைக்கிற அட்டென்யுவேட்டர் வைத்துக் கேபிளிலேயே சோதியுங்கள். முதல் நாள் போன் அட்டாச் ஆகாது, ரிஜிஸ்ட்ரேஷன் ரிஜெக்ட் என்று வரும். நெட்வொர்க்கில் போகிற மெசேஜ்களைக் காட்டுகிற வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து எந்த மெசேஜில் நிற்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் ஆபரேட்டரை அடையாளம் காட்டுகிற பிஎல்எம்என் நம்பரோ சிம் கீயோ இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது.